திரும்பி வந்த ஏழு கிளைம்கள்

எங்கள் கார் டீலர் பட்டறையின் வாரண்டி மேசைக்கு நான் மாறியபோது, அதன் இரண்டாவது இழுப்பறையில் ஏழு ஜாப் கார்டுகள், அதாவது வண்டிகளின் வேலைப் பதிவுத் தாள்கள், ஒரே கிளிப்பில் கோத்துக் கிடந்தன. ஏழும் வாரண்டிப் பணம் கேட்டு நாங்கள் அனுப்பி, கார் உற்பத்தி நிறுவனம் நிராகரித்துத் திருப்பிய கிளைம்கள். மேல் தாளில் யாரோ பென்சிலால் "கம்பெனி தராது" என்று எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு சொற்களோடு ஏழு வண்டிகளின் கணக்கையும் மூடிவிட்டிருந்தார்கள்.

அந்த ஏழையும் நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்த ஆய்வு. ஐந்தைச் சுருக்கமாகவும் இரண்டை விரிவாகவும் சொல்கிறேன். அந்த இரண்டில் ஒன்றில், கம்பெனியோடு சண்டைக்குக் கிளம்பிய பிறகு தவறு எங்கள் பக்கம் என்று கண்டேன். இன்னொன்றில், வாங்கியிருக்கவே கூடாத பணத்தை ஒரு பெரியவரிடம் வாங்கியிருந்தோம்.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றும்போது டீலர் முதலில் தன் கைப்பணத்தைப் போடுகிறார். பாகம் எங்கள் ஸ்டோரிலிருந்து போகிறது. மெக்கானிக்கின் நேரத்துக்கு நாங்கள் சம்பளம் கொடுக்கிறோம். வண்டி போன பிறகு கிளைம் அனுப்பி, உற்பத்தி நிறுவனம் ஏற்றுக்கொண்டால்தான் அந்தப் பணம் திரும்பும். கிளைமைப் படித்து முடிவு செய்பவர் அந்த வண்டியைத் தொட்டவர் அல்லர். அது எழுப்பிய சத்தத்தைக் கேட்டவரும் அல்லர். எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் கொண்ட சேசிஸ் எண், ஓடிய தூரம், வாடிக்கையாளர் சொன்ன குறை, நாங்கள் கண்ட காரணம், செய்த வேலை, பழுதுக்கு மூலமான பாகத்தின் எண், வேலைக் குறியீடு, அதற்குரிய நேரம். இவ்வளவுதான் அவர் கையில் இருக்கும். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்பதையும் உற்பத்தி நிறுவனமே வகுத்து வைத்திருக்கிறது. பல நிறுவனங்களில் மணியைப் பத்தாகப் பிரித்து எழுதுவார்கள், 0.3 என்றால் 18 நிமிடம்.

ஆகவே ஒரு கிளைம் நிராகரிக்கப்பட்டால், பழுதே இல்லை என்று அவர்கள் சொல்வதாக எப்போதும் பொருள் கொள்ளக் கூடாது. எழுதியதிலிருந்து பழுது விளங்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். பட்டறையில் இதை யாரும் நம்புவதில்லை. பணம் கொடுக்க மனமில்லாமல் சாக்குச் சொல்கிறார்கள் என்றே நினைக்கிறார்கள். நானும் அந்த மேசைக்கு வரும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

சிறிய ஐந்து

முதல் கார்டில் வண்டி உள்ளே வந்தபோது ஓடிய தூரம் 38,214 கிலோமீட்டர். வெளியே போனபோது 33,219. ஓடோமீட்டர் பின்னால் ஓடாது என்பதால் கணினியே அதைத் தள்ளிவிட்டது. வரவேற்பில் எடுத்த டாஷ்போர்டு படத்தில் 33,214 தெளிவாக இருந்தது. படத்தை இணைத்துத் திருத்தி அனுப்பினேன், பணம் வந்தது. சேசிஸ் எண்ணில் 1, 0 ஆகிய இலக்கங்களோடு குழம்பும் என்பதற்காகவே ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துவதில்லை. எண்ணை வகுத்தவர்கள் அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். ஓடிய தூரத்தை எழுதும் இடத்தில் அப்படி ஒரு காப்பு கிடையாது. அங்கே நம் கண்தான் காப்பு.

இரண்டாவதில் ஒரே பம்பரை இரண்டு தடவை கழற்றியிருந்தோம், காகிதத்தில். ரேடியேட்டர் மாற்றவும் முகப்பு விளக்கு மாற்றவும் பம்பரைக் கழற்ற வேண்டும். இரண்டு வேலைகளின் நேரத்திலும் அது அடங்கியிருக்கிறது. இரண்டையும் முழுதாகக் கேட்டிருந்தோம். பொதுவான நேரத்தைக் கழித்து மறுபடி அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது ஒரு பேட்டரி. காரணம் என்ற இடத்தில் "பேட்டரி போய்விட்டது" என்று எழுதியிருந்தது. சார்ஜ் இறங்கிய பேட்டரி வேறு, கெட்டுப்போன பேட்டரி வேறு. முழுதாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இறங்கியிருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றி, பிறகு சுமை கொடுத்துச் சோதித்தால்தான் அது கெட்டதா, ஏதோ விளக்கை அணைக்காமல் விட்டதால் இறங்கியதா என்பது தெரியும். சோதனைக் கருவியின் அச்சுத்தாள் இல்லை. பேட்டரியும் கையை விட்டுப் போய்விட்டது. அதை நஷ்டத்தில் எழுதினேன்.

நான்காவதும் நஷ்டம். வெளிப் பட்டறையில் கடைசல் வேலைக்குக் கொடுத்த பாகத்தின் பில் தாமதமாக வந்தது. பில்லுக்காகக் காத்திருந்ததில் கிளைம் அனுப்பும் கெடு கடந்துவிட்டது. நீட்டிப்புக் கேட்டு எழுதியிருக்கலாம், யாரும் எழுதவில்லை.

ஐந்தாவதில் ஒரே மெக்கானிக் ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளில் வேலை செய்ததாகப் பதிவு இருந்தது. முதல் வண்டியில் வேலை முடிந்ததைப் பதியாமலேயே அடுத்ததைத் தொடங்கியிருக்கிறார். இரண்டு வேலைகளும் உண்மையில் நடந்தவை, பழுதும் உண்மை. மேற்பார்வையாளர் என்னிடம் வந்து, "நேரத்தைத் திருத்தி அனுப்பினால் பாஸ் ஆகிவிடும் அண்ணா, நாம் ஒன்றும் செய்யாத வேலையைக் கேட்கவில்லையே" என்றார்.

அந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளவில்லை. அவர் திருடச் சொல்லவில்லை. நடந்த வேலைக்கு நியாயமான பணத்தைத்தான் கேட்கச் சொன்னார். ஆனால் முதல் வேலை எத்தனை மணிக்கு முடிந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் நினைவில்லை. நான் எழுதும் எந்த நேரமும் கற்பனையாகத்தான் இருக்கும். ஓடோமீட்டர் இலக்கத்தைத் திருத்த எனக்கு ஒரு படம் இருந்தது. இங்கே ஒன்றுமே இல்லை. சான்று இருக்கும் இடத்தில் செய்வது திருத்தம், இல்லாத இடத்தில் செய்வது புனைவு. தணிக்கைக்கு வருபவர்கள் சில கார்டுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் ஒரு புனைவு அகப்பட்டால், ஏற்கெனவே கொடுத்த பணத்தையும் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு ஒப்பந்தத்தில் வழி இருக்கும். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. இன்று ஒரு நேரத்தை மாற்றினால், நாளை அதே மெக்கானிக்கிடம் நேரத்தைச் சரியாகப் பதியச் சொல்லும் தகுதி எனக்கு இருக்காது. நடந்ததை நடந்தபடி எழுதி, ஏற்க முடிந்த பகுதியை ஏற்குமாறு கேட்டேன். பாகத்துக்குப் பணம் கொடுத்தார்கள், வேலை நேரத்துக்குத் தரவில்லை.

டர்போ

ஆறாவது கிளைமைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மேடு ஏறும்போது இழுவை இல்லை, இன்ஜின் விளக்கு எரிகிறது என்று ஒரு டீசல் வண்டி வந்திருந்தது. ஸ்கேனரில் பி0299 என்ற பழுதுக் குறியீடு. எங்கள் மூத்த மெக்கானிக், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை மாற்றினார், சாலையில் ஓட்டிப் பார்த்தார். இழுவை திரும்பிவிட்டது, குறியீடும் மறுபடி வரவில்லை. கழற்றிய டர்போவை உற்பத்தி நிறுவனம் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கேட்டு வாங்கியது. சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது: தண்டின் ஆட்டம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது, இறகுகளில் சேதம் இல்லை, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆக்சுவேட்டர் முழுதாக அசைகிறது, பாகத்தில் குறை காணப்படவில்லை. கிளைம் நிராகரிப்பு.

ஏழில் மிகப் பெரிய தொகை இதுதான். மாற்றினோம், குறை தீர்ந்தது. இதைவிட என்ன சான்று வேண்டும்? இரண்டு பக்கத்துக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதினேன். காரமான கடிதம். இணைப்புக்காக வண்டியின் வரலாற்றை எடுக்க, சேசிஸ் எண்ணைக் கணினியில் போட்டேன். அதே வண்டிக்கு மறுநாள் காலை நேரம் பதிவாகியிருந்தது. குறை: மேட்டில் இழுவை குறைவு, இன்ஜின் விளக்கு எரிகிறது.

கடிதத்தை அனுப்பவில்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணனோடு நானும் அந்த வண்டியின் பக்கத்தில் நின்றேன். அதே பி0299. அந்தக் குறியீடு சொல்வது ஒன்றைத்தான்: டர்போ ஏற்றித் தரும் காற்றின் அழுத்தம், இன்ஜின் கேட்ட அளவுக்கு வரவில்லை. டர்போ கெட்டது என்று அது சொல்வதில்லை. டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜின் வரை போகும் பாதையில் எங்கே காற்று கசிந்தாலும் இதே குறியீடுதான் வரும். வெற்றிடக் குழாயில் விரிசல் விட்டாலும், அழுத்த சென்சார் தவறாகக் காட்டினாலும், டர்போவுக்கு முன்னால் புகைவழி கசிந்தாலும் வரலாம்.

இன்டர்கூலரிலிருந்து வெளியேறும் ரப்பர் ஹோஸின் வெளிப்புறத்தில், கிளாம்புக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அதன்மேல் தூசி ஒட்டியிருந்தது. டர்போ வழியே வரும் காற்றில் கொஞ்சம் எண்ணெய் ஆவி கலந்திருக்கும். காற்று எங்கே கசிகிறதோ அங்கே அது தன் தடத்தை விட்டுப்போகும். கசிவைக் காட்டப் புகையை உள்ளே செலுத்தும் கருவியை மாட்டினார் அண்ணன். ஒன்றும் தெரியவில்லை. ஹோஸைக் கையால் லேசாக வளைத்துப் பிடித்தார். கிளாம்பின் விளிம்புக்கு அடியிலிருந்து மெல்லிய இழையாகப் புகை எழுந்தது. கழற்றிப் பார்த்தால், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கிழிசல். வண்டி நிற்கும்போது மூடிக்கொள்கிறது. சூடேறி அழுத்தம் கூடும்போது வாய் திறக்கிறது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டர்போவை மாற்றியபோது இந்த ஹோஸையும் கழற்றித்தான் மாட்டினேன் தம்பி" என்றார்.

எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் விளங்கிவிட்டது. திரும்ப மாட்டும்போது கிளாம்ப் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, கிழிசலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதனால் இழுவை திரும்பியது. அவர் பொய் எழுதவில்லை. தான் கண்டதைத்தான் எழுதினார். பாகத்தை மாற்றிய பின் குறை போனது என்பதால், குறை அந்தப் பாகத்தில்தான் இருந்தது என்று ஆகிவிடாது. மாற்றும் வேலையின்போது வேறு எதையெல்லாம் தொட்டோம் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

பழைய ஜாப் கார்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் "டர்போ பழுது" என்று மட்டும் இருந்தது. கசிவுச் சோதனை செய்ததாகவோ, தண்டின் ஆட்டத்தை அளந்ததாகவோ ஒரு வரியும் இல்லை. ஏன் செய்யவில்லை என்று அவரிடம் தனியாகக் கேட்டேன். அன்று மாலைக்குள் வண்டி தயாராகிவிடும் என்று வரவேற்பில் வாடிக்கையாளரிடம் பேசும் ஆலோசகர் வாக்குக் கொடுத்திருந்தார். பாகத்தை மாற்றும் நேரத்துக்குக் குறியீடு உண்டு. தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்தை இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்று சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர், குரலை உயர்த்தாமல் சொன்னார். எனக்கு அது உறைத்தது. அந்தத் தேடும் நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டியது என் மேசைதான்.

மேல்முறையீட்டைக் கைவிட்டேன். நிராகரிப்பு சரி என்று கோப்பில் எழுதினேன். ஹோஸுக்கு வாரண்டி இருந்தது. அதற்குத் தனியாக, சோதனைப் படிகளோடும் கிழிசலின் படத்தோடும் புதிய கிளைம் அனுப்பினேன், அது உடனே ஏற்கப்பட்டது. டர்போவின் செலவு எங்கள் தலையில். மெக்கானிக்கின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடிக்கலாம் என்று மேலாளர் சொன்னபோது நான் ஒப்பவில்லை. பிடித்தால் அடுத்த தடவை எந்த மெக்கானிக்கும் ஹோஸைக் காட்டி, "இதை நான் கழற்றி மாட்டினேன்" என்று வாய் திறக்க மாட்டார். மேலாளர் ஒரு நாள் யோசித்துவிட்டு விட்டுவிட்டார்.

வாடிக்கையாளரிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. "மறுபடி மறுபடி விடுப்புப் போட்டு வருகிறேன்" என்று அவர் கசந்துபோய்ச் சொன்னார். "முதல் தடவை நாங்கள் தவறான பாகத்தை மாற்றிவிட்டோம். உண்மையான குறை இது" என்று சொல்லி, கிழிந்த ஹோஸை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வளைத்து, கிழிசல் திறந்து மூடுவதைப் பார்த்தார். புது டர்போவுக்குப் பணம் கேட்பீர்களா என்றார். கேட்க மாட்டோம் என்றேன். வண்டியை ஒப்படைத்த பிறகு நிராகரிப்பு வந்தால், அந்தத் தொகையை வாடிக்கையாளரிடம் திரும்பிப் போய்க் கேட்கக் கூடாது. எங்கள் கணிப்பை நம்பித்தான் அவர் சம்மதம் கொடுத்தார்.

க்ளட்ச்

ஏழாவது கார்டில் நிராகரிப்பு வேலைக்கு முன்பே வந்திருந்தது. க்ளட்ச் வழுக்குகிறது என்று ஒரு பெரியவர் வந்தார். வாரண்டிக் காலம் முடியவில்லை. க்ளட்ச் பிளேட்டை மூலப் பாகமாகக் காட்டி முன் அனுமதி கேட்டிருந்தார்கள். தேய்மானப் பாகத்துக்கு வாரண்டி இல்லை என்று பதில் வந்தது. ஆலோசகர் பெரியவரிடம், "க்ளட்ச்மேல் கால் வைத்தபடியே ஓட்டினால் இப்படித்தான் ஆகும் ஐயா, கம்பெனி மறுத்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் அப்படி ஓட்டுவதில்லை என்று மறுத்துச் சொல்லியிருக்கிறார். பிறகு, வண்டி இல்லாமல் முடியாது என்பதால், பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துப்போய்விட்டார். பில்லின் பின்புறம் அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "ஏற்றுக்கொள்ளாமல் கட்டுகிறேன்."

கார்டின் இரண்டாம் பக்கத்தில், வாங்கிய பாகங்களின் பட்டியலில், கடைசியாக ஒரு சிறிய பாகம் இருந்தது: இன்ஜின் ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல். யாரும் அதைப் பற்றி மேலே ஒரு சொல்கூட எழுதவில்லை. க்ளட்ச் மாற்றும் வேலையில் அந்த சீலை எதற்கு மாற்றினார்கள்?

பழைய பாகங்களை வைக்கும் அலமாரிக்குப் போனேன். கிளைமின் முடிவு வரும்வரை கழற்றிய பாகத்தை அட்டை கட்டி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பேட்டரி விஷயத்தில் மீறப்பட்ட விதி இங்கே தப்பியிருந்தது. பிளேட் இருந்தது. ரப்பர் உறையைப் பிரித்ததும் இன்ஜின் ஆயில் வாசம் வந்தது. உராயும் பரப்பு முழுதும் கறுத்து ஈரமாக இருந்தது. தேய்ந்த பிளேட் என்றால் ரிவெட்டின் தலைகள் பரப்பின் மட்டத்துக்கு வந்திருக்கும். இதில் ரிவெட்டுகள் குழிக்குள் ஆழமாகவே இருந்தன. வெர்னியர் காலிப்பரால் தடிமனை அளந்து பார்த்தேன்; சேவைக் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்கு வெகு மேலே நின்றது.

பிளேட் தேயவில்லை. சீல் கசிந்து, ஆயில் க்ளட்ச் கூட்டுக்குள் இறங்கி, பிளேட்டை நனைத்து, அதனால் வழுக்கியிருக்கிறது. சீல் வாரண்டியில் அடங்கும். அதன் குறையால் கெட்ட வேறு பாகமும் அதனோடு சேர்ந்து அடங்கும். எது உடைந்தது என்று பார்த்து நிறுத்திவிடாமல், எது முதலில் உடைந்தது என்று கேட்டிருக்க வேண்டும். மூலப் பாகம் என்ற கட்டத்தில் பிளேட்டின் எண் இருக்கும்வரை, கம்பெனியின் பதில் பிழையில்லை. எங்கள் கேள்விதான் பிழை.

வேலை செய்த மெக்கானிக்கைக் கேட்டேன். "கூடு முழுதும் ஆயில், அண்ணா. சீல் மாற்றச் சொல்லி நான்தான் ஸ்டோரில் வாங்கினேன்" என்றார். அதை ஏன் எழுதவில்லை என்றதற்கு, பணம் கட்டும் வேலை ஆகிவிட்டதே, யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாராம். நல்ல வேளையாக, கூட்டைக் கழற்றியபோது எடுத்த படம் ஒன்று அவர் கைபேசியில் இருந்தது, தேதியோடு.

மறு கிளைமில் மூலப் பாகமாக சீலைக் காட்டினேன். கழற்றிய அன்று எடுத்த படம், நான் அளந்த தடிமன், அளந்த தேதி, மூன்றையும் வைத்தேன். அளவு வேலை நடந்த அன்று எடுத்ததல்ல, பின்னால் அலமாரியிலிருந்த பாகத்தில் எடுத்தது என்பதையும் எழுதினேன். முதல் தடவை மூலப் பாகத்தைத் தவறாகக் குறித்தது எங்கள் பிழை என்றும் ஒரு வரி சேர்த்தேன். அவர்கள் பிளேட்டை வரவழைத்துப் பார்த்துவிட்டு முழுத் தொகையையும் ஏற்றார்கள்.

பணம் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. ஏற்பு வந்த அன்றே பெரியவரை அழைத்தேன். தொகையைத் திருப்பித் தருகிறோம் என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது தொகையைப் பற்றி அல்ல. "அப்படியானால் நான் ஓட்டியதில் தப்பில்லை, அல்லவா?" என்றார். தப்பே இல்லை ஐயா என்றேன். ஆலோசகரும் அவரிடம் பேசி வருத்தம் தெரிவித்தார். நான் சொல்லி அல்ல, தானாகவே போனை வாங்கினார்.

பிறகு மாற்றியவை

ஜாப் கார்டில் குறை, காரணம், செய்த வேலை என்ற மூன்று இடங்களும் முன்பே இருந்தன. நாங்கள் செய்ததெல்லாம், "பழுது", "போய்விட்டது", "சரியில்லை" ஆகிய சொற்கள் மட்டும் இருக்கும் காரணத்தோடு எந்தக் கார்டையும் என் மேசை வாங்காது என்று சொன்னதுதான். என்ன சோதித்தீர்கள், என்ன அளவு வந்தது, எவ்வளவு வர வேண்டும் என்பது வேண்டும். தேடும் நேரத்துக்கு உற்பத்தி நிறுவனத்தின் பட்டியலில் குறியீடுகள் இருந்தன, பயன்படுத்தாமல் விட்டிருந்தோம். இப்போது கேட்கிறோம். காரணம் தெளிவாக இருக்கும் கார்டுகளில் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

வரவேற்பில், வண்டியைத் திறந்து பார்க்கும் முன் "வாரண்டியில் வந்துவிடும்" என்று சொல்வதை நிறுத்தினோம். மறுப்பைச் சொல்லும்போது காரணத்தையும், வாரண்டிப் புத்தகத்தில் அது எந்தப் பிரிவு என்பதையும், உடன்படாவிட்டால் உற்பத்தி நிறுவனத்தில் எங்கே முறையிடலாம் என்பதையும் எழுத்தில் கொடுக்கிறோம். கழற்றிய பாகத்தை வாடிக்கையாளருக்குக் காட்டாமல் மறுப்பைச் சொல்வதில்லை. நிராகரிப்புகளை வாரம் ஒரு முறை மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து படிக்கிறோம்.

ஏழில் மூன்று முழுதாகத் திரும்பின. ஒன்றில் பாதி வந்தது. மூன்று போயே போய்விட்டன.

சில வாரங்கள் முன்பு பி0299 குறியீட்டோடு இன்னொரு டீசல் வண்டி வந்தது. அதே அண்ணன் பார்த்தார். கார்டு என் மேசைக்கு வந்தபோது காரணம் என்ற இடம் நிரம்பி, ஓரத்திலும் எழுத்து ஏறியிருந்தது: "ஹோஸ்கள், கிளாம்புகள் பார்க்கப்பட்டன, எண்ணெய்த் தடம் இல்லை. புகைச் சோதனை, ஹோஸ்களை வளைத்துப் பார்த்தும் கசிவு இல்லை. கைப்பம்பால் ஆக்சுவேட்டருக்கு வெற்றிடம் கொடுத்தபோது நெம்புகோல் அசைகிறது. இன்ஜின் ஓடும்போது ஆக்சுவேட்டருக்கு வெற்றிடம் வரவில்லை. கட்டுப்படுத்தும் வால்வின் உள்வழியில் வெற்றிடம் இருக்கிறது, வெளிவழியில் இல்லை. வால்வுக்கு மின் இணைப்பும் சமிக்ஞையும் வருகின்றன. வால்வு மாற்றப்பட்டது. டர்போ கழற்றப்படவில்லை."